மஞ்சளுக்கு ஒரு பொத்தான், வெள்ளைக்கு ஒரு பொத்தான்

மார்ச் 3, செவ்வாய்

தம்பி டார்ச்சைக் கொண்டுவந்தான். அவன் பட்டறையில் என் கணவருக்காகவே செய்தது. உள்ளே மூன்று விளக்கு: மஞ்சள், வெள்ளை, சிவப்பு. வேண்டிய அளவுக்குக் கலந்துகொள்ளலாம். வெளியே ஒரே ஒரு பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் எரியும். இரண்டு தடவை தட்டினால் நிறம் மாறும். மூன்று தடவை தட்டிப் பிடித்தால் கலவை நகரும். நான்கு தடவை தட்டினால் —

போதும்டா என்றேன். காலமெல்லாம் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தினவளுக்கே தலை சுற்றியது.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு இவருக்கு வெள்ளை வெளிச்சம் பட்டால் கூசி எதுவும் தெரிவதில்லை. வெறும் மஞ்சளில் படியின் விளிம்பு தெரிவதில்லை. மஞ்சளில் கொஞ்சம் வெள்ளை கலந்தால் தெரிகிறது. எங்கள் மாடிப்படியில் பல்பு போய் ரொம்ப நாளாகிறது; புதிது போட்டாலும் அந்த வெள்ளை இவருக்குக் கூசும். அடுத்த தெரு நண்பர் வீட்டில் செஸ் ஆடப் போவதையே விட்டுவிட்டார். துணைக்கு வருகிறேன் என்றால், "என்னைப் பள்ளிக்கூடத்துல விடப் போறியா?" என்கிறார். தனியாக இறங்கி, தனியாக ஏற வேண்டும். அவர் கேட்பது அவ்வளவுதான்.

மார்ச் 5, வியாழன்

போனில் தம்பியோடு சண்டை.

"குளியலறையில சுடுதண்ணிக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணிக்கு ஒரு குழாய். ரெண்டையும் திருப்பி வேணுங்கற சூட்டுக்குக் கொண்டுவர்றோம். ஒரே குழாயை மூணு தடவை தட்டினா சுடுதண்ணின்னு எவனாவது வைப்பானாடா?"

"ரெண்டு பட்டன்னா ரெண்டு ஓட்டைக்கா. தண்ணி உள்ள போயிடும்."

"உங்க மாமா மாடிப்படிதான் இறங்கப் போறார். கடல்ல இல்ல."

"பழகினா சரியாயிடும்கா."

பழகினால்! புரியாதபடி பாடம் நடத்திவிட்டுப் பிள்ளையைக் குறை சொல்லும் வாத்தியார்களின் பேச்சு இது. எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். போனை வைத்த பிறகும் காது சுட்டது.

மார்ச் 7, சனி

பாதி அவன் பேச்சு, பாதி என் பேச்சு என்று முடிந்தது. ஒரே பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் இவருக்கான கலவை. இரண்டு தடவை அமுக்கினால் முழு வெள்ளை. மூன்றும் நான்கும் கிடையாது. இன்று அப்படியே மாற்றிக் கொண்டுவந்தான். நாற்காலியில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தேன். பிசகவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

விழுந்துவிட்டார்.

படி திரும்புகிற இடத்தில் வெள்ளைச் சுவர். வெளிச்சம் அதில் முழு வெள்ளையாக அடித்துக் கண்ணுக்கே திரும்பியிருக்கிறது. அடுத்த படி தெரியவில்லை. முழங்கை தோல் உரிந்துவிட்டது, எலும்புக்கு ஒன்றுமில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தார், கையில் டார்ச் எரிய எரிய. என்னைக் கூப்பிடக்கூட இல்லை.

ஒரு தடவைதான் அமுக்கினாராம். ஒரு தடவைதான்! என்னத்தைச் செஞ்சு குடுத்தான் அவன்? வரட்டும் நாளைக்கு.

மார்ச் 11, புதன்

வந்தான். டார்ச்சைத் திறந்து பார்த்து, "எல்லாம் சரியாத்தான்கா இருக்கு. மாமாதான் ரெண்டு தடவை அமுக்கியிருப்பார்" என்றான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவனும் சும்மா இல்லை. ரெண்டு தட்டுக்கு நீயும்தானே தலையாட்டினே என்றான்.

இவர் நடுவில் கையை நீட்டினார். "குடு அதை."

கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து ஒரு தடவை அமுக்கினார். விரல் நடுங்கியது. பொத்தான் தடதடவென்று இரண்டு முறை உள்ளே போய் வந்தது. சுவர் முழுக்க வெள்ளை.

"என் கண்ணை வெச்சு அக்காவும் தம்பியும் ஒரு வாரமா சண்டை போட்டீங்க. கையை யாராவது கேட்டீங்களா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு இவர் மேல் கோபம் வந்தது. "நடுக்கம் இவ்வளவு இருக்குன்னு நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"பாதி டம்ளர் டீ ஊத்தித் தர்றியே, அப்ப நான் ஏதாவது சொன்னேனா?"

பாதிதான் ஊற்றுகிறேன். எப்போதிலிருந்து? சிந்தாமல் இருக்கட்டும் என்று என் கை தானாகவே பழகிவிட்டது. அதனாலேயே என் கண்ணுக்கு அந்த நடுக்கம் தெரியாமல் போயிற்று.

மார்ச் 12, வியாழன்

யார் மேல் என்று தெரியாத கோபம். பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன.

மார்ச் 15, ஞாயிறு

மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம். எத்தனை தட்டு என்று எண்ணும் வேலையே கூடாது, இதுதான் முதல் விதி. ஒரு பொத்தானில் கை இருக்கும்வரை வெளிச்சம் மஞ்சள் பக்கம் நகரும், இன்னொன்றில் இருக்கும்வரை வெள்ளை பக்கம், மெதுவாக. விரல் நடுங்கிச் சற்று எழும்பினாலும் கை இருப்பதாகவே டார்ச் எடுத்துக்கொள்ள வேண்டும். கண் கூசும் அளவுக்கு முன்னாலேயே வெள்ளை நின்றுவிட வேண்டும். இருட்டில் தடவினால் தெரிய, மஞ்சள் பொத்தானில் ஒரு மேடு. எரிய, அணைய பின்பக்க மூடியைத் திருகினால் போதும்.

"தண்ணி?" என்றேன், வேண்டுமென்றே.

"ஓட்டை ஒண்ணுதான். ரெண்டு பட்டனையும் ஒரே ரப்பரால மூடிடறேன்" என்றான். இதை அன்றைக்கே யோசிப்பதற்கு என்ன?

சிவப்பு போயிற்று. அதற்கு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

மார்ச் 28, சனி

டார்ச் வந்தது. இந்த முறை முதலில் அமுக்கிப் பார்த்தது இவர். நான் தொடவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். டம்ளர் நிறைய டீ கொடுத்தேன். கொஞ்சம் சிந்தியது. அவரே துடைத்தார்.

"வாசல்ல நின்னு பாக்காதே" என்றார். கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சம் மஞ்சளாக இருந்தது, கொஞ்சம் வெளுத்தது, பிறகு இறங்கிப் போய்விட்டது.

ஏழு மணிக்கு வருகிறேன் என்றவர் எட்டரை ஆகியும் வரவில்லை. வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஒரு போன் பண்ண முடியாதா உங்களால?"

"ஒரு கைல டார்ச், ஒரு கைல கைப்பிடி. எந்தக் கையால பண்றது?" என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

ரெண்டு ஆட்டமும் ஜெயித்தாராம். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.