ஆள் வருது

அடியே,

இன்று ஞாயிற்றுக்கிழமை. சூலியா தெருவுக்குப் பின்னால் இருக்கிற நம் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கோப்பித்தண்ணீர் கலக்கும் சீன அங்கிள், கேட்காமலே இரண்டு கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பால் போட்டது எனக்கு. கறுப்பு, சீனி குறைத்தது, உனக்கு. வறுத்த கொட்டையின் கருகல் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை முட்டியது. நீ செத்து ஐந்து மாதம் ஆகிறது. அங்கிளுக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இருபத்தாறு வருடம் ஒரே தொழிற்சாலையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சர்க்யூட் பலகைகளைப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் நாம். பாயான் பாருவில் ஒரே அடுக்குமாடியில் உன் வீடு நாலாவது மாடி, என் வீடு ஏழாவது. உனக்குப் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், எனக்கு ஒருத்தன் வரவே இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை நமக்கு அடுப்பு கிடையாது. "ஆறு நாள் மெஷினுக்கு ஆக்கிப் போட்டாச்சு. ஏழாம் நாள் எவனாவது நமக்கு ஆக்கிப் போடட்டும்லா" என்பாய்.

கூட்டமான கடையில் இரண்டு பேர் சாப்பிடப் போனால் ஒருத்தர் உட்கார வேண்டும், ஒருத்தர் அலைய வேண்டும். கடைக்குள் நிற்கும் ஒவ்வொரு சாப்பாட்டுத் தள்ளுவண்டியாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவது உன் வேலை. மேசையைக் காப்பது என் வேலை. உன் நாற்காலியில் பையை வைத்து, குடையை மேசைக்குக் குறுக்கே போட்டு, வருகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். தொழிற்சாலையில் பொறுக்கிய ஹொக்கியன் சீனத்தை வைத்துக்கொண்டு நீ கொய்த்தியாவ் நூடுல்ஸ் பிரட்டுகிறவரோடு சண்டை போடுவது தூரத்தில் கேட்கும். என்ன சொல்வாயோ, நம் தட்டில் மட்டும் இறால் ஒன்று கூடுதலாக இருக்கும். "என்னாடி சொன்ன அவன்கிட்ட?" என்றால், "அது கம்பெனி ரகசியம்" என்பாய். கடைசிவரை சொல்லவே இல்லை.

ஒரு முறை மேசையை இழந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நிறைமாதப் பெண் ஒருத்தி, புருஷன், மாமியார், இரண்டு பிள்ளைகள். பார்க்கப் பாவமாக இருந்தது, எழுந்துவிட்டேன். இரண்டு கையிலும் தட்டோடு வந்து நின்ற உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"எங்கடி மேச?"

"மாசமா இருக்காடி அந்தப் பொண்ணு."

"அவ மாசமா இருந்தா அவ உட்காரட்டும். அந்த மாமியாரும் மாசமா?"

கடைவாசல் ஐந்தடிப் பாதையில், தூணோரம் நின்றபடியே சாப்பிட்டோம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. நீ மட்டும் பஸ்ஸில் ஏறும்வரை, "இடம் போனா சாப்பாடு போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாய்.

நாம் இருக்கிற தீவு போதாது என்று ஒரு நாள் உன் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டி நிபோங் தெபால் பக்கம் கூட்டிப்போனாய், தென்னங்கள்ளு குடிக்க. தோப்போரத்துக் கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். நாம் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒரு பெரியவர், "பொம்பளைங்க எல்லாம் கள்ளு குடிக்க வந்துட்டீங்களா?" என்றார். நீ பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாய். "ஆமாண்ணே. நீங்க வீட்டுக்குப் போயி ஆக்கி வைங்க, நாங்க வந்துர்றோம்." கொட்டகையே சிரித்தது. அந்தப் பெரியவர்தான் நமக்கு வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கள்ளின் புளிப்பு பிடிக்கவில்லை. ஆனால் நாலு ஆண்கள் பார்க்க நிமிர்ந்து உட்கார்ந்து குடிப்பது பிடித்திருந்தது. நீ இல்லாமல் அப்படி ஒரு இடத்தில் நான் காலே வைத்திருக்க மாட்டேன்.

பிறகு உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கடைசியாக நாம் வெளியே சாப்பிட்டது பாலிக் பூலாவில். மலையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனோம். நீ கேட்டது புளி லக்சா, மீன்சாறு ஊற்றிய நூடுல்ஸ். உன்னால் எழுந்திருக்க முடியவில்லை. "நீ போயி வாங்கிட்டு வாடி, நான் மேச பாத்துக்கிறேன்" என்றாய். அத்தனை வருடத்தில் முதல் முறை. புளி லக்சா என்று சொல்லத் தெரியாமல், தேங்காய்ப்பால் ஊற்றியதை வாங்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் பாதியைத் தட்டில் சிந்தியிருந்தேன். நீ குடிக்கக் கேட்ட ஜாதிக்காய்த் தண்ணீரை மறந்தே போனேன். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ ஒரு வார்த்தை குறை சொல்லாமல், "நல்லாருக்குடி" என்று சாப்பிட்டாய். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

நீ போன பிறகு வந்த முதல் ஞாயிறு, வீட்டில் இருக்க முடியாமல் இங்கே வந்துவிட்டேன். கால் தானாக நம் மேசைக்குப் போனது, கை தானாகப் பையை உன் நாற்காலியில் வைத்தது. யாரோ வந்து, "ஆள் இருக்கா?" என்று மலாயில் கேட்டார்கள். என் வாய், "இருக்கு, ஆள் வருது" என்றது. அங்கிள் வந்து, "எங்கே உன் கூட்டாளி?" என்றார். "பின்னால வருது" என்றேன். சொன்னது சுகமாக இருந்ததடி. அரைமணி நேரம் நீ எங்கோ வரிசையில் நின்றுகொண்டிருந்தாய்.

அப்புறம் ஒவ்வொரு வாரமும் அதே பொய். ஐந்து மாதமாக இங்கே வருகிறேன், ஒரு வாய் சாப்பிட்டதில்லை. நான் எழுந்து போனால் மேசையை யார் பார்ப்பது? என் கோப்பியைக் குடித்துவிட்டு, உன்னுடையது ஆறிப் போவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் ரொட்டி தின்பேன். பைத்தியம் என்று நீயே சொல்வாய். சொல்லேன், கேட்கிறேன்.

இன்று நல்ல கூட்டம். ஒரு சீனப் பாட்டி, கொதிக்கிற நூடுல்ஸ் சூப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். சூப்பு விளிம்புக்கு வந்து வந்து போனது. உன் நாற்காலியை முகவாயால் காட்டி, "ஆள் இருக்கா?" என்றாள்.

"வருது" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் விரல்கள் சிவந்திருந்தன. "இல்லை" என்றேன். "ஆள் இல்லை."

உன் தங்கச்சி போன் பண்ணிச் சொன்னபோதுகூட நான் அப்படிச் சொல்லவில்லை. உன்னை எடுத்துக்கொண்டு போனபோதும், பதினாறாம் நாளும் யாரிடமும் சொல்லவில்லை. அழுதேன், அவ்வளவுதான். அந்தச் சொல்லை முதன்முதலாக, பெயர் தெரியாத ஒரு கிழவியிடம் சொன்னேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்து, தலை நிமிராமல் சூப்பைக் குடித்தாள்.

மூன்று மணிநேரம் கால்களைக் கட்டிப்போட்டு அவிழ்த்துவிட்டால் நடை எப்படி இருக்குமோ அப்படி எழுந்து நடந்தேன். கொய்த்தியாவ் வண்டி முன்னால் வரிசை. நீ எப்படி நிற்பாய் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. உன்னை அங்கே நான் பார்த்ததே இல்லை, முதுகு காட்டியல்லவா உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுகூட எனக்குத் தெரியாது. என் முறை வந்தது. பிரட்டுகிறவர் கரண்டியை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல், "எத்தனை?" என்றார்.

"ஒன்று" என்றேன்.

சட்டி இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, இன்னொரு முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.