முன் சீட்டில் பை

மே 10, சனி

கத்திரி வெயில். காலை ஆறு மணிக்கே புழுக்கம். வண்டி கழுவியாயிற்று. டயர் காற்று, கூலண்ட், வைப்பர் தண்ணீர், ஸ்டெப்னி எல்லாம் பார்த்தாயிற்று.

வண்டி மச்சானுடையது. செல்வியின் அண்ணன். குவைத்தில் பதினைந்து வருடம். வெள்ளை செடான், வருடத்தில் பதினோரு மாதம் அன்னவாசலில் அவர் வீட்டு ஷெட்டில் உறை போட்டுத் தூங்கும். வாரம் ஒருமுறை புதுக்கோட்டையிலிருந்து நான் போய் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். நாளை புறப்பாடு. ஊட்டி, மைசூர், ஐந்து நாள். மச்சான், அவர் மனைவி கீதா, செல்வி, எங்கள் மகள் மது, நான். ஓட்டுவது நான். அங்கே ஓட்டி ஓட்டி மச்சானுக்கு நம்மூர் ரோட்டில் கை வரமாட்டேன் என்கிறதாம்.

போகிற காரணத்தையும் எழுதிவிடுகிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள். கல் உடைக்கும் கிரஷர் மூடி எட்டு மாதம். அங்கே கணக்கு எழுதிய எனக்கு இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை. மச்சான் கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் ஓர் இடம் காலியாம். "டூர் போயிட்டு வந்து முடிவு சொல்றேன் மாப்ள" என்றார். எம்.காம். சான்றிதழ், அனுபவக் கடிதம் எல்லாம் பச்சை ஃபைலில் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறேன். வழியில் எங்காவது கேட்பார்.

செல்வி: "அண்ணன் சொல்றதுக்கெல்லாம் சரின்னு மட்டும் சொல்லுங்க. ஒங்க வாயை வீட்டுலயே வச்சுட்டு வாங்க."

மே 11, ஞாயிறு. ஊட்டி

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். தேங்காய் உடைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள், மாப்பிள்ளை மரியாதை. ஒரே அடியில் உடைந்தது. மச்சான் முன் சீட்டில் என் பக்கத்தில். திருச்சி வரை வாய் ஓயாத பேச்சு, இருவருக்கும். (எழுத அலுப்பு. இனி அவர் ம.)

கரூர் தாண்டி டீக்கு நிறுத்தினோம். திரும்பி வந்தால் ம. பின் சீட்டில், இடது ஓரம். "முன்னாடி வெயில் அடிக்குது." கீதா, செல்வி, மடியில் மது, எல்லோரும் பின்னால் நெருக்கியடித்து. முன் சீட்டில் பெரிய ட்ராவல் பை. பையின் கனத்துக்கு ஆள் என்று நினைத்து வண்டி கத்த ஆரம்பித்தது. பைக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டேன்.

மது: "நான் அப்பாகிட்ட வாரேன்."

ம.: "வண்டி ஓட்டையில தொந்தரவு பண்ணக் கூடாது."

அவினாசி பக்கம் மதியச் சாப்பாடு. இறங்கப் போனேன். "வண்டியில சாமான் கெடக்கு மாப்ள. நாங்க சாப்பிட்டு வாரோம், பொறவு நீங்க போங்க." உட்கார்ந்திருந்தேன். ஓட்டல் வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டினார். "டிரைவரண்ணா, உங்களுக்கு அந்தப் பக்கமுங்க. காசு வேண்டாமுங்க." நான் மாப்பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். பசி. வண்டியைப் பூட்டிவிட்டுப் போனேன். நாலு பஸ் டிரைவர்கள், அப்புறம் நான். உண்மையைச் சொன்னால் நல்ல சாப்பாடு. ஆம்லெட்கூடக் கேட்டு வாங்கினேன். மாமனார் வீட்டில் முதல் இலை எனக்குத்தான் போடுவார்கள்.

மலை ஏறும்போது ம. கையில் டீ கப். "சிந்தாம ஓட்டுங்க பாப்போம்." விளையாட்டு என்று நினைத்தேன். எல்லா வளைவிலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. பெருமையாக வேறு இருந்தது. வெட்கம் கெட்டவன்.

மே 12, திங்கள். ஊட்டி

தூறல். குளிர்.

நேற்று எழுதாமல் விட்டது. லாட்ஜ் ரெஜிஸ்டரில் ம. எழுதியதை எதிரே நின்று தலைகீழாகப் படித்தேன். பெரியவர் 3, குழந்தை 1, டிரைவர் 1. "சீசன் டைம், ஒரு ரூம்தான் கெடச்சுச்சு. நாலு பேருக்கு மேல விடமாட்டேங்குறான். டிரைவருங்க தங்குறதுக்கு டார்மிட்டரி இருக்காம்." செல்வி அப்போது மதுவுக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்த பிறகும் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

டார்மிட்டரியில் அடுத்த கட்டில் தேனிக்காரர். "ஒங்க ஓனர் எப்படி, நல்ல மனுசனா?"

"நல்ல மனுசன்தான்" என்றேன். அதை ஏன் சொன்னேன்.

இதுவரை தெரிந்துகொண்டவை:
ம. போனில் பேசினால் ஏ.சி. காற்றைக் குறைக்க வேண்டும்.
கண்ணாடியில் பின்னால் பார்க்கக் கூடாது. ("ரோட்டைப் பாருங்க.")
கேட்டால் மட்டும் பதில்.
கீதா தூங்கினால், எழாமல் ஸ்பீடு பிரேக்கர் தாண்ட வேண்டும்.

"மாப்ள" இன்று இரண்டு முறைதான். பச்சை ஃபைல் பற்றிப் பேச்சே இல்லை.

மே 13, செவ்வாய். மைசூர்

கூடலூர் இறக்கத்தில் மது வாந்தி. சீட் கவரில், ம.வின் பேண்ட்டில். "நிப்பாட்டு!" என்றார். "நிப்பாட்டுங்க" இல்லை.

துடைக்கத் துணி தேடி டிக்கியைத் திறந்தேன். பச்சை ஃபைல் மேல் புளியோதரைத் தூக்கு. எண்ணெய் அட்டையைத் தாண்டி எம்.காம். வரை இறங்கிவிட்டது. என் பெயர் இருக்கும் இடம் பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி.

கீதா எட்டிப் பார்த்தாள். "அண்ணே, அதுல முக்கியமா ஏதும் இருந்துச்சா?"

"இல்லம்மா."

மது அழுதுகொண்டே, "அப்பாகிட்ட உக்காந்திருந்தா வாந்தி வந்திருக்காது" என்றாள். அடித்துவிட்டேன். கன்னத்தில், பலமாக. மச்சானை அடிக்க வேண்டிய அடி. ஏழு வயதுப் பிள்ளை வாங்கியது. இன்னும் உள்ளங்கை எரிகிறது, எரியட்டும்.

ம. கைக்குட்டையால் பேண்ட்டைத் துடைத்தபடி சொன்னார்: "இது நல்லால்ல. வண்டிக்குள்ள கோவமே ஆகாது." பிறகு போனில் ஏதோ டைப் செய்தார்.

சாயங்காலம் அரண்மனை. நால்வரும் போனார்கள், நான் பார்க்கிங்கில். போகும்போது மது திரும்பிப் பார்க்கவில்லை.

மே 15, வியாழன். வீடு

வெக்கை. ஊர் வந்ததும் ம. வீட்டில் இறக்கிவிட்டு, வண்டி கழுவி, உறை போட்டுச் சாவியைக் கொடுத்தேன். கூடத்தில் உட்காரச் சொன்னார்.

"முடிவு சொல்லிடுறேன் மாப்ள. விசா ரெடி. எங்க மொதலாளி வீட்டுக்கு டிரைவர். அஞ்சு நாளும் பாத்தேன், கை நல்ல கை. கோவத்தை மட்டும் கொறைக்கணும். வீடியோ அனுப்பிச்சேன், அவுகளுக்குப் புடிச்சிருச்சு."

காட்டினார். பின் சீட்டிலிருந்து எடுத்தது. என் பிடரி, ஸ்டியரிங்கில் என் கை, பக்கத்தில் பெல்ட் போட்ட பை. முழு வீடியோவிலும் என் முகம் இல்லை.

"அக்கவுண்ட்ஸ் வேலை மச்சான்?"

"அதுக்கு ஆளு போட்டு ரெண்டு மாசமாச்சு. ஒங்க லைசன்ஸ் ஜெராக்ஸ் மட்டும் குடுங்க, வேற ஒண்ணும் வேணாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விமானம். அதற்குள் சொல்ல வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம்: "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

தோசை மாவைக் கரைத்தபடி, "தெரியும்" என்றாள். "சொல்லியிருந்தா வண்டியில ஏறியிருப்பீங்களா?"

"ஒங்கண்ணன் வீசுற எலும்புக்கு என்னையும் நாயாக்கிட்டியே" என்றேன். இன்னும் கேவலமாகவும் சொன்னேன், அதை இங்கே எழுத மாட்டேன்.

அவள் கத்தவில்லை. "நாயோ பேயோ. எட்டு மாசமா யாரு வீட்டு அரிசி திங்கிறோம்?" கல்லில் மாவை ஊற்றிவிட்டு அவளாகவே சொன்னாள். "பைய முன்னாடி வைக்கச் சொன்னதே நான்தான். பக்கத்துல ஆளிருந்தா நீங்க பேசிக்கிட்டே வருவீங்க. அண்ணனுக்குப் புடிக்காமப் போயிருச்சுன்னா?"

தோசை சாப்பிட்டேன். நாலு.

மே 17, சனி

மழை வரும் போல இருந்து ஏமாற்றிவிட்டது.

முடிவு செய்துவிட்டேன். போகமாட்டேன். கீரனூரில் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுத ஆள் கேட்கிறார்களாம், சம்பளம் குறைவு. பரவாயில்லை. நாளை ம.வைத் திருச்சி ஏர்போர்ட்டில் விட வேண்டும். வண்டியில் வைத்துச் சொல்லிவிடுவேன். குளியலறையில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். "எனக்கு இது ஒத்துவராது மச்சான்." மூன்றாவது தடவை குரல் நடுங்கவில்லை.

மதுவிடம் மட்டும் சொன்னேன், அப்பா எங்கும் போகவில்லை என்று. அடி வாங்கியதிலிருந்து கிட்டே வராத பிள்ளை, இன்று வந்து என் மேல் சாய்ந்துகொண்டாள்.

மே 18, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு அன்னவாசல். வெயில் அதற்குள் சுள்ளென்று. பெட்டிகளை டிக்கியில் ஏற்றினேன். முன் சீட்டில் ஒன்றும் வைக்கவில்லை. துணியால் துடைத்து, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, ம. கால் நீட்டி உட்கார வசதி செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் பார்த்துச் சொல்லலாம். முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

போனில் பேசிக்கொண்டே வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கிட்டே வந்ததும் முன் கதவைச் சாத்தினேன். பின் கதவைத் திறந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானேதான். அவர் பேச்சை நிறுத்தாமல் ஏறி உட்கார்ந்தார். போன் பேசுகிறவருக்குக் கேட்காதபடி கதவை மெதுவாக மூடினேன்.