முத்தம்மா தர மறுத்த பாட்டு

என் அன்பு அண்ணா,

நீ போய் நான்கு மாதமாகிறது. ஃபேக்டரி இன்னும் திறக்கவில்லை. பச்சைத் தேயிலையைக் கேட்பாரில்லை. தேவாலாவில் பாதிப் பேர் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். வாசகசாலையில் நாம் வைத்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் மட்டும் நிற்காமல் ஓடுகின்றன.

அவற்றில், யாரும் இலவசமாக நகலெடுத்துப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளைப் போட்டுக் காட்டியபோது எல்லோரும் கேட்டது நினைவிருக்கிறதா? "இதுல ஒரு பாட்டுகூட இல்லீங்களா?" கடையில் விற்கும் பாட்டை நகலெடுத்துத் தர நமக்கு உரிமையில்லை. அதனால்தான் நீ டேப் ரெக்கார்டரோடு கொழுந்து பறிக்கும் பெண்களிடம் போனாய். யாரும் நகலெடுக்கலாம், யாருக்கும் தரலாம் என்ற பொது உரிமத்தில், அந்த மென்பொருள் போகும் இடமெல்லாம் இவர்கள் பாட்டும் போக வேண்டும் என்றாய். இருபத்துமூன்று பாட்டு சேர்த்தாய். சேர்த்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

போன மாதம் எல்லாவற்றையும் சிடியில் ஏற்றினேன். மதியப் பஸ்ஸில் கொடுத்துவிட்டால், கோவை நண்பர்கள் தங்கள் மென்பொருளோடு சேர்த்து ஊர் ஊராக அனுப்புவார்கள். பஸ்ஸுக்குக் கிளம்புமுன் வாசகசாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பாதியில் வாசலில் நிழல். சிலோனிலிருந்து வந்த முத்தம்மாக்கா, தலையில் நனைந்த சாக்கோடு.

"நிப்பாட்டு புள்ள."

நிறுத்தினேன்.

"அது செத்துப்போன எம்மவனுக்கு நான் அழுத ஒப்பாரி. ஒங்கண்ணன் கேட்டாரு, பாடுனேன். ஊருக்கெல்லாம் குடுக்கப்போறேன்னு சொல்லவே இல்லியே!"

உன் நோட்டைப் புரட்டினேன். பெயர் இருந்தது, பாட்டின் முதல் வரி இருந்தது. சம்மதம் கேட்டதாக ஒரு சொல் இல்லை. ஒருவரிடமும் கேட்கவில்லையா அண்ணா? பாடியதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டாயா?

டெலிபோன் பூத்திலிருந்து கோவைக்குப் பேசினேன். "அந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டு அனுப்புங்க. இன்னைக்கு வரலீன்னா இந்தத் தடவ சேர்க்க முடியாதுங்க," என்றார்கள். ஆனால் மற்ற இருபத்திரண்டு? வெளியே விட்ட பிறகு திரும்ப வாங்க முடியாத பொருளல்லவா?

பஸ் ஹாரன் அடித்தது. சிடி என் கையிலேயே இருந்தது. பஸ் வளைவில் மறையும்வரை உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

அப்புறம் வீடு வீடாகப் போனேன். திருப்பூர் வரை போனேன். "ஒருக்கா குடுத்தா குடுத்ததுதானுங்க. மாத்திப் பாடுவாங்க, விக்கக்கூடச் செய்வாங்க," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். "எம் பேரு வருமில்ல? அது போதும்," என்றாள் ஒருத்தி. முத்தம்மாக்காவோடு சேர்த்து நான்கு பேர் மறுத்தார்கள். பத்தொன்பது பாட்டு மிஞ்சியது. அடுத்த வெளியீட்டில் சேர்ப்பதாகக் கோவையில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எப்போது என்றுதான் தெரியவில்லை.

நேற்று முத்தம்மாக்கா வந்தார். கதவைச் சாத்தச் சொல்லி, தன் ஒப்பாரியை முழுதாகக் கேட்டார். அந்தப் பாட்டிருந்த டேப்பை அவர் கையில் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் இருந்ததை அவர் கண்ணெதிரே அழித்தேன், அந்தச் சிடியையும் உடைத்துப்போட்டேன். போகும்போது திரும்பிப் பார்த்து, "ஒங்கண்ணன் மேல எனக்குக் கோவமில்லன்னு சொல்லிரு," என்றார்.

எப்படிச் சொல்வது? அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இனி கேட்காமல் ஒரு குரலையும் வெளியே விடமாட்டேன். மனதாரக் கொடுத்த பத்தொன்பதை எவரும் தனக்கே சொந்தமென்று பூட்டி வைக்கவும் விடமாட்டேன்.

இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சமிருக்கும்
உன் தங்கச்சி வசந்தா