ஆண்கள் வரிசையில் ஒரு சளி டப்பா

ஜூன் 4

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று சொல்லத்தான் ஆளில்லை. கோபித்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. அப்படி என்ன கேட்டுவிட்டேன்? "சளி ரிப்போர்ட்டே ஒண்ணுமில்லைன்னு சொல்லுது, நீ எதுக்கு இருமிக்கிட்டே இருக்க?" என்றேன். என்னைக் காசநோய் பிடித்ததில் நியாயம் உண்டு. இருபது வருஷம் பீடி, சாயங்காலமானால் குடி, போதாததற்குச் சர்க்கரை. உனக்கு எங்கிருந்து வரும்? எல்லாம் பருப்பு மண்டித் தூசிதான். கிளம்பி வா.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 11

மண்டிக்காரருக்கு,

காசநோய் மாத்திரை முடிந்துவிட்டதென்று சாப்பாட்டில் நேரந்தவறாதீர்கள்.

அன்றைக்கு நம்மூர் ஆஸ்பத்திரியில் சளி டப்பாவைக் கையில் கொடுத்து, நின்ற இடத்திலேயே துப்பச் சொன்னார்கள். முன்னும் பின்னும் ஆண்கள். நீங்கள் பக்கத்தில் நின்று யாரிடமோ துவரம்பருப்பு விலை பேசிக்கொண்டிருந்தீர்கள். அத்தனை பேர் நடுவில் காறித் துப்பக் கூசியது. வெறும் எச்சிலைக் கொடுத்தேன். மூட்டைக்குள் கம்பி விட்டுப் பார்க்காமல் சரக்கு எடுக்காத மனுஷர், அந்த ரிப்போர்ட்டை மட்டும் மேலாகப் பார்த்து நம்பிவிட்டீர்கள்.

இங்கே நர்சம்மா கதவைச் சாத்திவிட்டு, நெஞ்சிலிருந்து சளி எடுக்கக் கற்றுக்கொடுத்தார். நோய் இருக்கிறது. உங்களிடமிருந்து வந்திருக்கலாம் என்றார். "அவர் வேணும்னேவா கொடுத்தாரு?" என்றேன். ஆறு மாதம் மாத்திரை. வர வேண்டாம். பார்த்தால் அழுதுவிடுவேன்.

உங்களவள்

ஜூன் 19

என்னவளுக்கு,

மண்டியில் பருப்புப் புடைக்கும் ஒன்பது பெண்களையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், கதவுள்ள அறையில் சளி கொடுக்க வைத்தேன். ஒருத்திக்கு இருக்கிறது. கெஞ்சிக் கேட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நீலத்துக்குள் சிவப்பாய்ச் சின்னச் சின்னக் குச்சிகள். இத்தனூண்டு உயிரா என்னைச் சாய்த்துப் போட்டது? பீடியும் குடியும்தான் ஆண்களை இந்த நோயிடம் அதிகம் பிடித்துக்கொடுக்கின்றனவாம். ஆனால் காசநோய்ப் பதிவேட்டில் பெண்கள் குறைந்திருப்பதில், சரியாகத் தேடாததற்கும் பங்குண்டு என்றார் டாக்டர்.

அந்தக் குச்சிகளைவிடப் பெரிய அதிசயம் நீ. நான் எழுந்து உட்கார மாட்டாமல் கிடந்தபோது என்னை நிமிர்த்திப் பிடித்தவள், எப்போதிருந்து இதைச் சுமந்தாளோ. இருமல் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விட்டு வருவாய். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. சரக்கறிந்தவன் என்று ஊரெல்லாம் பேர் வேறு.

இதைத் தபாலில் போடவில்லை. உன் அக்கா கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிறேன். மண்டியைப் பூட்டிவிட்டேன், அவசரமில்லை. அழுவதானால் அழுதுவிட்டே வந்து திற.

நான்தான்