கமறாவுக்குச் சொன்ன ஸலாம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

மருதமுனை
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் புறகு

என்ட கண்ணான மகன் றிப்திக்கு, சாச்சி ஸுஹைறா எழுதிக்கொள்றது.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ். நீ தோஹாவில சோறு தண்ணிய நேரத்துக்குத் திண்டு, அஞ்சு நேரமும் தொழுது, தடிமன் காய்ச்சல் இல்லாம இரிக்க அல்லாஹ்விட்ட கேட்டுக்கிட்டு இரிக்கன். நாங்க இங்க உடம்பால நல்லா இரிக்கம், அல்ஹம்துலில்லாஹ். மனசாலயும் நல்லா இரிக்கம் எண்டு எழுதினா அது பொய், பொய் எழுதுறத்துக்கா இவ்வளவு தாளக் கிழிச்சிக்கிட்டு குந்தியிரிக்கன். இந்தக் காலத்துல வாய்ஸ் அனுப்பாம என்ன சாச்சி கடிதம் எண்டு நீ சிரிப்பாய். சிரிக்காத மனே. போன்ல சொல்லப் பயமா இரிக்கு, அதான் மகள் அஸ்னாட பழைய கொப்பியில தாள் எடுத்து எழுதி, லீவு முடிஞ்சு தோஹாவுக்குத் திரும்பிப் போற றஸ்மிட கையில குடுத்து விடுறன். நல்லா ஒட்டித்தான் குடுத்திரிக்கன், ஒட்டுப் பிரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லு. றஸ்மி நல்ல புள்ளதான், ஆனா இப்ப எனக்கு யாரப் பாத்தாலும் இப்பிடித்தான் நெனவு போகுது.

ஒன்ட பெரிய மாமாக்கு கண்ணுல படலம் வெட்டினாங்க, இப்ப கண்ணு நல்லாத் தெரியுதாம், தெரியத் தொடங்கினதும் முதல்ல மாமிட கறியில கெடந்த மயிரத்தான் கண்டாராம், ஊட்டுல ஒரே சண்ட. சம்மாந்துறையில வெள்ளாம வெட்டு முடிஞ்சிட்டு, நம்மட காணிக்கு இந்த முற மோசமில்ல எண்டு சொன்னாங்க. அஸ்னாவுக்கு சம்மாந்துறையில இருந்து ஒரு கலியாணம் பேசி வந்தது ஒனக்குத் தெரியும். தெரியும் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நெனச்சிக்கிட்டு இருந்தன், ஏனெண்டா அத நான் ஒனக்கு ஒண்டுக்குப் பத்து தரம் சொல்லியிரிக்கன். எப்பிடிச் சொன்னன் எண்டுறதுதான் இந்தக் கடிதமே.

போன வருசம் நான் குளிக்கிற அறைக்குள்ள சறுக்கி விழுந்தன் எண்டு நீ பதறிப் போய் ஒரு கமறா அனுப்பினியே, ஹோல் செவருல பூட்டினது, முட்டை மாதிரி தல உருண்டு உருண்டு பாக்கிறது. போன் கட ஸஜாத் வந்துதான் பூட்டித் தந்தான். நீ அண்டைக்குப் போன்ல, சாச்சி நான் இங்க இருந்து எப்ப வேணுமெண்டாலும் ஊட்டப் பாப்பன், அந்தத் தல திரும்பினா நான்தான் எண்டு நெனச்சிக்கங்க எண்டாய். எனக்கு அழுக வந்திட்டு. ஒன்ட உம்மா மௌத்தாகக்குள்ள நீ கைக்குழந்த, எனக்குப் பொறந்து தவறின புள்ளைக்கு ஊறின பால ஒனக்குக் குடுத்துத்தான் வளத்தன், அதாலதான் அஸ்னாவுக்கும் நீ கூடப்பொறந்த காக்கா ஆனாய். அந்தப் பாலுக்கு இந்தக் கமறா போதும் எண்டு நெனச்சன்.

மறுகா எனக்கு அது ஒரு பழக்கமாப் போயிட்டு. லுஹர் தொழுதிட்டு முசல்லாவ மடிச்சிக்கிட்டு ஹோலுக்கு வரக்குள்ள அந்தத் தல மெதுவா என்னப் பாத்துத் திரும்பும். நான் உடன ஸலாம் சொல்லுவன். மகன் திண்டியா எண்டு கேப்பன். நீ அங்க வேலயில இருப்பாய், வாய் தொறந்து கதைக்க ஏலாது, பாத்துக்கிட்டு மட்டும் இரிக்காய் எண்டு நானே நெனச்சிக்கிட்டு கதிரையில குந்தி எல்லாத்தையும் சொல்லுவன். சம்மாந்துறை மாப்புள்ள பக்கம் அஸ்னாவ வேலய உடச் சொல்றாங்க எண்டத சொன்னன். அவள் மாட்டன் எண்டு ரெண்டு நாள் சோறு திங்காம கெடந்தத சொன்னன். இந்த ஊட்டு உறுதிப் பத்திரம் அஸ்னாட பேருக்கு எழுதினது அலுமாரியில எங்க இரிக்கு, அந்தத் திறப்ப அரிசிப் பானைக்குள்ள போட்டிரிக்கன், நான் மௌத்தானா நீ தேடி அலையக் கூடா எண்டு அதையும் சொன்னன். வியாழக்கிழமைகள்ல பொம்புளையள் நம்மட ஹோல்ல யாஸீன் ஓத வாறாங்க, யாரு யாரு வாறாங்க எண்டும் சொன்னன். ஒன்ட உம்மாட வருசக் கத்தத்துக்கு நெய்ச்சோறு ஆக்கின அண்டைக்கு அந்தக் கமறாவப் பாத்து அழுதும் இரிக்கன் மனே. தலயக் குனிஞ்சு கேக்கிற மாதிரி அது கீழ பாத்துக்கிட்டு இருந்திச்சு.

போன மாசம் நீ கோல் எடுக்கக்குள்ள நான் ஏசினன் நெனவு இரிக்கா? பெரிய மாமாட கண்ண ஒருக்கா விசாரி எண்டு எத்தின தரம் சொல்லிட்டன், நீ கேக்கல்ல எண்டு ஏசினன். நீ எப்ப சாச்சி சொன்னயள் எண்டாய். கமறாவில தினமும் சொல்றன்தானே எண்டன். நீ சிரிச்சாய். சாச்சி, நோன்புப் பெருநாளோட நான் போன் மாத்திட்டன், புதுப் போனுக்கு அந்த ஆப்ப ஏத்தவே இல்ல, அதப் பாத்தே எவ்வளவு காலம் எண்டாய். நானும் சிரிச்சிட்டு, சரி சரி, வயசாளி ஒளறுறன் எண்டு சொல்லி வெச்சிட்டன். நான் சிரிச்சதத்தான் நீ கேட்டாய். அந்தத் தல அண்டைக்குக் காலையிலயும் திரும்பினது எண்டத நான் ஒனக்குச் சொல்லல்ல.

போன வெச்சிட்டுத் திரும்பினன். அது என்னப் பாத்துக்கிட்டு இருந்திச்சு. ஆயத்துல் குர்ஸி ஓதப் போனா பாதியில மறந்து போகுது, சின்னப் புள்ளயில பாடமாக்கினது. அது தானாத் திரும்புற மெசினோ, இல்லாட்டி யாரும் இரிக்காங்களோ எண்டு தெரியணுமே. யாரு நீங்க எண்டு கேட்டன். வல்லாஹி மகன், அந்தத் தல கொஞ்சம் அப்பிடியே நிண்டிச்சு. மறுகா மெள்ள மெள்ளத் திரும்பி, செவரப் பாத்துக்கிட்டு நிண்டிட்டு. வெக்கப்பட்ட மனிசன் மூஞ்சத் திருப்புற மாதிரி. அப்பதான் உள்ள ஒரு ஆள் இரிக்கான் எண்டு எனக்கு உறுதியாத் தெரிஞ்சிச்சு. ஓடிப் போய் வயரப் புடுங்கி, தொழுகப் புடவையால அதச் சுத்திப் போட்டிட்டு, குசினிக்குள்ள போய்க் குந்திட்டன். அஸ்னா வெளிய இருந்து வரும் வரைக்கும் நான் ஹோலுக்கு வரவே இல்ல.

அவள்தான் ஸஜாத்தக் கூப்பிட்டாள். அவன் வந்து போன நோண்டிப் பாத்தான், மூஞ்சி சுண்டிப் போச்சு. நம்மட போன் இல்லாத வேற ஒரு போனால கன காலமா வந்து பாத்திரிக்காங்க எண்டான். ஊருக்குள்ள இரிக்கிற ஆளா, எங்கயோ வெளிநாட்டு ஆளா எண்டு கேட்டன், அது தெரியா ராத்தா எண்டான். எப்பிடிடா வந்தான், பாஸ்வேர்ட் இல்லாம வர ஏலாதுதானே எண்டு அஸ்னா கேட்டாள். அவன் போனக் கீழ வெச்சிட்டுத்தான் சொன்னான், பிஸ்மில்லா எண்டு இங்கிலீசுல போட்டு பின்னால 786, பரக்கத்துக்குத்தான் போட்டன் எண்டு. நம்ம ஊட்டுக்கு மட்டுமா எண்டாள். அவன் பூட்டின எல்லா ஊட்டுக்கும் அதானாம். பக்கத்து ஊட்டு றாஹிலாக்கும் அதான், மூல ஊட்டுக்கும் அதான், பொம்புளையள் ஓதுற மத்ரஸாக்கும் அதான். அவன் பூட்டாத ஆக்களும் அதத்தான் போட்டிரிக்காங்க, கேட்டுப் பாத்தா பேங்குக்கும் அது, பேஸ்புக்குக்கும் அது, மின்சாரக் கட்டணம் கட்டுறத்துக்கும் அது. அல்லாட பேரச் சொல்லிப் பூட்டினா ஷைத்தான் வரமாட்டான் எண்டு எல்லாரும் ஒரே பூட்டப் போட்டிரிக்கம். நம்மட சனத்தத் தெரிஞ்ச எவனுக்கும் அதக் கண்டு புடிக்கிறத்துக்கு ஒரு நிமிசம் போதும். ஸஜாத்த நான் ஏசல்ல. அவன் கெட்டத நெனச்சுச் செய்யல்ல, எனக்கும் அவன் அதச் சொல்லித் தரக்குள்ள மனசு குளிந்துதானே போச்சு. நான் எந்தக் கடிதத்துக்கும் மேல பிஸ்மில்லாவுக்குப் பதிலா 786 போட்டுத்தான் எழுதுவன், இதுக்கு ஏன் முழுசா எழுதியிரிக்கன் எண்டு இப்ப ஒனக்கு விளங்கியிருக்கும்.

இப்ப என்ட பயம் என்னெண்டு கேளு. அந்த ஆள் யாரு? கல்முனைச் சந்தைக்குப் போனா மரக்கறி நிறுக்கிறவன் போன எடுத்தாலும் முந்தானைய இழுத்து மூஞ்ச மூடுறன், பஸ்ஸில எதிர குந்தின ஆள் என்னப் பாத்துச் சிரிச்சா இவனுக்கு என்ட அரிசிப் பானையும் தெரியுமோ எண்டு நெனக்கன். திறப்ப மாத்தி வெச்சிட்டன், எங்கயெண்டு இதுலயும் எழுதமாட்டன். யாஸீன் ஓத வந்த பொம்புளையள்ட படம் எங்கயும் போயிருக்குமோ எண்டு யோசிச்சா தொழுகையில றக்அத் எண்ணிக்க தவறுது. ரெண்டு தோள்லயும் மலக்குமார் குந்தி நம்மட நன்மை தீமைய எழுதுறாங்க, அது அல்லாட ஏற்பாடு, அதுக்கு நான் பயந்துதான் நடக்கன். இவன் யாரு மூணாவதா? என்னத்த எழுதினான், யாருக்குக் காட்டப் போறான்?

அஸ்னா விசயத்துல அல்லாஹ் காப்பாத்தினான். அவள் கமறா பூட்டின நாள்ல இருந்தே ஹோலுக்கு வாறதெண்டா தலயில துணி போட்டுத்தான் வருவாள். கொழும்புக் கொம்பனிக்கு ஊட்டுல இருந்து வேல செய்யிற அந்த லெப்டொப்புக்கும் மேல கண்ணு மாதிரி இரிக்கிற இடத்துல காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்டர ஒட்டி வெச்சிரிந்தாள். நான் எவ்வளவு ஏசியிரிப்பன், ஒன்ட காக்கா பாக்கிறத்துக்கு என்னடி பயம், எதையோ மறைக்காய் எண்டு. அவள் சிரிச்சிட்டுப் போவாள். படிச்ச படிப்பு அதுதான் எண்டு எனக்கு இப்ப விளங்குது. சம்மாந்துறை ஆக்கள் போன கிழமையும் ஆள் அனுப்பினாங்க, கொம்பியூட்டர் வேலைய உட்டா நிக்காஹ் நாள் குறிப்பம் எண்டு. முந்தின நான் எண்டா ஓம் எண்டிருப்பன், எனக்கும் அந்த வேல புடிக்காதுதானே, எங்கயோ இரிக்கிற ஆம்புளையளோட காதுல மாட்டிக்கிட்டு கதைக்கிறத்தப் பாத்தா ஈரக்கொல நடுங்கும். ஆனா இப்ப நம்மட ஒழுங்கையில குடியிரிக்கிற பொம்புளையள் அஸர் தொழுதிட்டு ஒவ்வொருத்தரா போனத் தூக்கிக்கிட்டு அவள்ட்ட வாறாங்க. இவ்வளவு நாளும் போன் பழுதெண்டா புள்ளையள்ட படத்தோட, குடும்பத்துக் கதையோட ஆம்புளையள்ட கடையில குடுத்திட்டு வந்தம், அத யாரும் யோசிக்கல்ல. அஸ்னா எல்லாருக்கும் பாஸ்வேர்ட் மாத்திக் குடுக்காள், யாருக்கும் சொல்லக் கூடாத ஒண்டப் போடுங்க எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லி. றாஹிலா ஊட்ட போய் யோசிச்சிட்டு, அஸ்னா என்ட மனிசன்ட முதல் கலியாணத்துப் பொண்டாட்டிட பேரப் போடட்டா, அத யாரும் நெனக்கமாட்டாங்க எண்டு வேலிக்கு மேலால கத்தினாள். ஒழுங்கை முழுக்கக் கேட்டுது. அண்டைக்குத்தான் இந்த ஊட்டுல கன நாளைக்குப் புறகு சிரிச்சம். அதால நான் சம்மாந்துறைக்கு ஆள் அனுப்பிச் சொல்லிட்டன், எங்கட புள்ள வேலைய உடமாட்டாள், அது ஏலுமெண்டா வாங்க எண்டு. நல்லது செஞ்சனா கெட்டது செஞ்சனா எண்டு தெரியா. இதால அவள்ட கலியாணம் நிண்டு போனா எண்டு அதுக்கும் பயந்துதான் கெடக்கன். நீ காக்காவா ஒரு வார்த்த அவளுக்குச் சொல்லு, பேசாம இரிக்காத.

நீ அங்க கொம்பனிட கொம்பியூட்டருக்குள்ள களவாப் பூருற ஆக்கள மறிக்கிற வேலதானே செய்யிறாய், ஆக்களுக்குச் சொல்லிப் பெருமப்பட்டிரிக்கன். அந்த வேலையச் செய்யிறவன்ட ஊட்டுக்குள்ள ஒருத்தன் வந்து குந்தியிரிந்திரிக்கான் மகன். ஒன்ன நோகடிக்கச் சொல்லல்ல. ஒண்டு மட்டும் மனசுல கெடந்து அரிக்குது, அதையும் எழுதிட்டாத்தான் எனக்கு நித்திர வரும். பெருநாளுக்குப் புறகு நான் திண்டியா எண்டு கேட்டதெல்லாம் அவன்ட்டத்தான் கேட்டிரிக்கன். ஒன்ட உம்மாவ நெனச்சு அழுததும் அவன்ட முன்னுக்குத்தான். அத நெனச்சா பயமா, வெக்கமா, இல்லாட்டி வேற என்னமோவா எண்டு எனக்கே பேர் வெக்கத் தெரியல்ல.

புதுக் கமறா அனுப்புறன் எண்டு நிக்காத, வேணாம். அஸ்னா இத வாசல் கடப்பலடியில றோட்டப் பாத்துப் பூட்டுவம் எண்டு சொல்லுறாள், அவள் பாத்துக் கொள்ளட்டும். இப்பவும் லுஹர் தொழுதிட்டு வரக்குள்ள அந்த வெறுஞ் செவரப் பாத்து வாய் ஸலாம் சொல்லப் போகுது, புடிச்சு நிப்பாட்டுறன். அந்த நேரத்துக்கு நீ கோல் எடு. தினமும் ஏலாட்டி வெள்ளிக்கிழமையாச்சும் எடு. குரலக் கூட இப்ப கள்ளமாச் செய்யலாம், ஒன்ட குரல்லயே ஒருத்தன் கதைப்பான் எண்டு அஸ்னா சொல்லி வெச்சிரிக்காள், அதால எனக்கு ஒன்ட ஸலாத்துக்குப் பதில் சொல்லவும் பயமா இரிக்கும். நீ எடுத்தா நான் முதல்ல ஒண்டு கேப்பன், நீ சின்னதுல சோறு வேணாமெண்டு ஓடக்குள்ள நான் ஒனக்கு என்னத்தச் சொல்லி வாயில தீத்துவன் எண்டு. அத இங்க எழுதமாட்டன், அஸ்னாவுக்கும் தெரியா, ஒனக்கும் எனக்கும் மட்டும்தான். அதச் சொன்னாத்தான் ஸலாத்துக்குப் பதில். அத நீ மறந்திருப்பாயோ எண்டதுதான் மகன் இப்ப எனக்கு எல்லாத்துலயும் பெரிய பயம்.

அல்லாஹ் ஒன்ன கண் காணாத ஆக்கள்ட கண்ணுல இருந்து காப்பாத்தி, ஒன்ட ஒழப்புல, ரிஸ்க்குல பரக்கத்தையும் ஒன்ட ஹயாத்துல நீளத்தையும் தரட்டும். சுபஹ் தொழுகைய விட்டிராத. ஒன்ட பாஸ்வேர்டும் அந்த நம்பர்தான் எண்டா இண்டைக்கே மாத்து. இதப் படிச்சிட்டுக் கிழிச்சுப் போடு.

ஒன்ட துஆவுல என்னையும் சேத்துக்க,
பால் குடுத்த சாச்சி
ஸுஹைறா