எலி கடித்த கிட்டார்

"அது எலி கடிச்சது, அண்ணன். ஸ்டோர் ரூம்ல கெடந்தீக்கி. நான் பட்டி வெச்சுத் தேய்ச்சு, பெயின்ட் அடிச்சுத் தாரன்" என்றார் கடைக்காரர்.

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால், பழைய ரேடியோவும் மிக்சியும் விற்கிற கடை அது. ஒரு டேபிள் ஃபேன் வாங்கத்தான் போயிருந்தேன். சுவரில் ஆணியடித்து ஒரு சிவப்பு எலக்ட்ரிக் கிட்டாரை மாட்டியிருந்தார்கள். கழுத்தை ஒட்டி இரண்டு பக்கமும் கொம்பு போல நீண்டிருக்குமே, அதில் மேல் கொம்பின் நுனியில் பெயின்ட் பெயர்ந்து மரம் தெரிந்தது. மரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். மேல்பக்கம் நாலு, அடிப்பக்கம் மூன்று. அந்த மூன்றுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. எந்த எலிக்கும் பல்வரிசை அப்படி இருக்காது. ஸ்கூல் கிரிக்கெட்டில் கீழ்ப்பல் ஒன்றைப் பறிகொடுத்த உனக்குத்தான் இருந்தது.

பார்த்ததுமே எனக்கு எரிச்சல்தான் வந்தது. செத்து ஒன்றரை வருடமாகிறது. இன்னும் ஒரு மனுஷனை நிம்மதியாக ஃபேன் வாங்க விடமாட்டாயா நீ?

பழைய கிட்டார் பார்க்க உன்னோடு போவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. மற்றவர்கள் ஆம்ப்ளிஃபயரில் வயரைச் செருகி நாலு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள், பிடித்தால் எடுப்பார்கள். நீ முதலில் அதைக் குப்புறப் போட்டு முதுகைப் பார்ப்பாய். வாசித்தவனுடைய பெல்ட் பக்கிள் உரசின தடம் இருக்க வேண்டும் உனக்கு. "முதுகுல கீறல் இல்லாத கிட்டாரு அலுமாரிக்குள்ள தூங்குனதுடா. அதுக்கு ஒண்ணுமே தெரியாது" என்பாய். அப்புறம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து வளைந்திருக்கிறதா என்று துப்பாக்கி பிடிக்கிறவன் மாதிரி குறிபார்ப்பாய். அப்புறம் ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்து, ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாக மீட்டுவாய். கடைக்காரருக்குக் கொட்டாவி வரும். எனக்குத் தெல்தோட்டை பஸ் போய்விடும். இவ்வளவுக்கும் பிறகு, வயரைச் செருகுவதற்கு முன்னால், கிட்டாரைத் தூக்கி அதன் மேல் கொம்பைக் கடித்துக்கொள்வாய். கண்ணை மூடி, தடித்த கம்பியை ஒரு தடவை மீட்டுவாய். பத்தில் ஒன்பது தடவை வாயைத் துடைத்துக்கொண்டு, "வேணாம், வாடா" என்று எழுந்துவிடுவாய்.

உன் எச்சிலை என் கைக்குட்டையால் துடைத்து, மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்த கிட்டார்கள் எத்தனை என்று எனக்கு நினைவில்லை.

இந்தச் சிவப்புக் கிட்டாரைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் பார்த்தோம். ஹோட்டல் பேண்டில் வாசித்து ஓய்ந்த சிங்களக்காரர் ஒருவர் விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். நீ கதிரையில் உட்கார்ந்து கொம்பைக் கடித்ததும் மனுஷன் மிரண்டுபோய் மனைவியைப் பார்த்தார். அவருடைய மனைவி உள்ளே போய் ஒரு தட்டு நிறைய பிஸ்கட் கொண்டுவந்து உன் முன்னால் வைத்து, "பாவம், பசி போல" என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. நீ எதையும் கவனிக்கவில்லை. அதே கம்பியைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருந்தாய். கண்ணைத் திறந்தபோது உன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "இதுதான்டா" என்றாய்.

நான் வாங்கி ஆம்பில் போட்டுப் பார்த்தேன். மெல்லிய கம்பிகள் கீச்சென்றன, தடித்த கம்பிகளில் கனமே இல்லை.

"தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்குடா. இது வேணாம்" என்றேன்.

"நீ ஆம்பக் கேக்குற. நான் மரத்தக் கேக்குறேன்."

"கல்யாணத்துக்கு வர்றவங்க மரத்தயாடா கேக்கப் போறாங்க?"

நீ சிரித்துவிட்டு அதைத் தோளில் மாட்டிக்கொண்டாய். தட்டிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய்.

நாம் நாலு பேர் பேண்ட். நீ லீட் கிட்டார், நான் பேஸ் கிட்டார், பேண்டை நடத்துகிறவனும் நான். கல்யாண வீட்டாரோடு பேசுவது, வேன் பிடிப்பது, திட்டு வாங்குவது எல்லாம் என் தலையில். அந்தக் கிட்டார் வந்த பிறகு திட்டு இரண்டு மடங்காயிற்று. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி நீ வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனாய். குறைக்கச் சொன்னால் தலையை ஆட்டுவாய், குறைக்க மாட்டாய். பாடுகிற பையன் பக்கவாட்டில் கை காட்டினாலும் பார்க்க மாட்டாய். கெட்டிக்காரனுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று நினைத்தேன். மற்ற இரண்டு பேரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

கண்டியில் அந்தப் பகல் கல்யாணம் உனக்கு நினைவிருக்கும். பெண்ணின் தகப்பனார் மூன்று தடவை என்னிடம் வந்தார். மூன்றாம் தடவை, "தம்பி, அய்யரு மந்திரம் சொன்னப்ப கூட இப்புடி வேர்க்கல எனக்கு. மாப்புள வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போறாங்க" என்று கை கூப்பினார். நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ திரும்பவில்லை. போய் உன் ஆம்பின் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

அதன் பிறகு நீ செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தது. உன் கிட்டாரிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. நீயோ ஒன்றுமே நடக்காதது போல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாய். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். உன் முன்னால் வந்து நின்று, "நாளையிலேருந்து நீ வர வேணாம். யாரு பேச்சும் கேக்காதவன் எனக்கு வேணாம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அது மட்டும் உனக்குக் கேட்டது.

என்னையும் சொல்ல விடு. நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. மூன்றாம் நாள் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில், தெல்தோட்டை பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஏறினேன். நான் ஏறியதை நீ பார்த்தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் பின் சீட்டில் உட்கார்ந்தேன். பேராதனை வரைக்கும் வார்த்தையைத் தேடினேன். இறங்கப் போகும்போது முன்னால் குனிந்து, உன் வலது காதுக்குப் பக்கத்தில், "டேய், நான் பேசுனது தப்புடா. ஞாயித்துக்கெழம ப்ராக்டிஸுக்கு வந்துரு" என்றேன். பக்கத்து சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். நீ ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவ்வளவு பெரிய மனுஷனா நீ என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நீ வரவில்லை. நானும் அதற்குப் பிறகு உன்னைத் தேடி வரவில்லை. நாலு வருடம். தெல்தோட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரண்டு பேர், எதிரெதிரே வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போனோம். ஒரு காலையில் உனக்கு நெஞ்சுவலி என்றார்கள். நான் வந்து சேர்ந்தபோது உனக்கு மாலை போட்டாயிற்று.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு உன் மனைவி, டாக்டர் குறிப்பெழுதுகிற கிளினிக் கொப்பி ஒன்றை என் கையில் கொடுத்தார். பேராதனை ஆஸ்பத்திரி, காது கிளினிக்.

"வலது காது சுத்தமா போயிருச்சுண்ணே. எடதுல பாதிதான். காதுக்குள்ள இருக்குற சவ்வும் சின்ன எலும்பும்தான் பழுதாம், நரம்பு நல்லா இருக்காம். அதான் பல்லு வழியா கேக்குதுன்னு டாக்டரு சொன்னாராம். ஆப்பரேஷன் செஞ்சு பாக்கலாம்னாங்க. போகல."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"நானுந்தான் தலையால அடிச்சுக்கிட்டேன். 'அவன் பேண்ட நடத்துறவன், தெரிஞ்சா மொதல்ல அவன்தான் என்னய நிப்பாட்டுவான்'னு வாய அடைச்சுட்டாரு."

அப்போதும் எனக்குப் பஸ் நினைவுக்கு வரவில்லை. உன் மனைவிதான் தொடர்ந்தார். "சண்ட போட்டதக்கூட அவரு பெருசா எடுத்துக்கலண்ணே. ஒருநா பஸ்ஸுல நீங்க பின்னாலயே ஒக்காந்து வந்தீங்களாமே. 'பேராதன வரைக்கும் வந்தான், ஒரு வார்த்த பேசாம எறங்கிப் போயிட்டான்'னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு."

உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எதில் கொட்டுவது? மாலை போட்ட படத்தோடு சண்டை போட முடியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இடது பக்கம் வந்து உட்கார்ந்திருப்பேனே, மடையா! வால்யூமுக்கு ஒரு வழி பார்த்திருப்பேன். நான் பேஸ் வாசித்துக்கொண்டே தலையால் சைகை காட்டியிருப்பேன். உன்னை நிறுத்தியிருக்க மாட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். உன்னிடம் பொய் எதற்கு, அது எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்கூல் நாட்களில் உன் காதில் சீழ் வடியும். தோட்டத்து லய வீடுகளில் யாரோ சொன்னார்களென்று உன் அம்மா எண்ணெய் காய்ச்சி ஊற்றி, பஞ்சு அடைத்து அனுப்புவார். அந்தப் பஞ்சு கீழே விழும்போது எடுத்துக் கொடுத்தவனே நான்தான். நீ கிட்டாரைக் கடித்தபோதும், ப்ளக் பிடுங்கிய பிறகு வாசித்தபோதும், எனக்கு அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. உன்னைச் செவிடன் என்று சொல்லாமல் திமிர்பிடித்தவன் என்று சொன்னேன். அதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

கிட்டாரைப் பற்றிக் கேட்டேன். உன் தம்பி அதைக் கொழும்புக்காரன் எவனுக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். கொழும்புக்குப் போனதோ இல்லையோ, இந்தக் கடைச் சுவரில் எலி கடித்ததாகப் பழி சுமந்து தொங்கிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் இறக்கிக் கொடுத்தார். முதுகைத் திருப்பிப் பார்த்தேன். கீறல்கள் இருந்தன, பாதி உன்னுடையவை. கழுத்து லேசாக வளைந்திருந்தது. கைக்குட்டையை எடுத்து மேல் கொம்பைத் துடைத்துவிட்டு, உன் பல் பதிந்த இடத்திலேயே கடித்துக்கொண்டு தடித்த கம்பியை மீட்டினேன்.

"அண்ணன், அண்ணன்! என்ன செய்யிறீங்க?" என்று கடைக்காரர் பதறியது எங்கோ தூரத்தில் கேட்டது. சத்தம் தாடை வழியாக ஏறி மண்டை முழுக்க நிறைந்துவிட்டது. கனமென்றால் அப்படியொரு கனம். நான் இல்லையென்று சொன்னது அத்தனையும் உள்ளே இருந்தது. கட்டுகஸ்தோட்டையில் நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டது இதைத்தான்.

ஃபேன் வாங்கவில்லை. பட்டி வைக்கவும் விடவில்லை. ஆனால் ஒன்று, வீட்டில் ஆம்பில் போட்டுப் பார்த்துவிட்டேன். தகர டப்பாதான். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீ இருந்திருந்தால் இன்னொரு சண்டை போட்டிருப்போம்.

இப்போதெல்லாம் நான் கூப்பிட்டு யாராவது திரும்பாவிட்டால், எழுந்து போய் முகத்துக்கு நேரே நின்று இன்னொரு தடவை சொல்கிறேன். கடையில், ஆஃபீஸில், என் மகளிடம்கூட. "ஒரு தடவ சொன்னா போதும்ப்பா" என்று அவள் சலித்துக்கொள்கிறாள். போதாது. எனக்குத் தெரியும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வயர் எதையும் செருகவில்லை. கொம்பைப் பல்லால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வார்த்தை குழற, அதையே இன்னொரு தடவை சொன்னேன். நான் பேசினது தப்புடா, வந்துரு. சொல்லி முடித்தபோது, கை படாமலேயே ஆறு கம்பியும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தன.

இதுவும் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.