கிளாட்சனின் டிராஃப்டர்

குவைத்
12.11.1998

அன்புள்ள அப்பாவுக்கு விண்ணரசி தோத்திரம் சொல்லி எழுதுவது. கால்வலி தேவலையா? நான் சுகம். தம்பி கிளாட்சனுக்கு பீஸ் அனுப்பிவிட்டேன்.

அவன் காலேஜுக்குக் கிளம்பும்போது நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் எடுத்த போட்டோ கிடைத்தது. தோளில் தொங்குவது இன்ஜினியரிங் படம் வரைகிற டிராஃப்டர். அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் வார்டில் மருந்து கொடுக்க நேரமாகிவிட்டது. ஹெட் நர்ஸ் திட்டினார், அவ்வளவுதான்.

"நீ நர்சிங் படிச்சா சீக்கிரம் சம்பளம் வரும், தம்பிய இன்ஜினியர் ஆக்கிடலாம்" என்றீர்கள். ஆக்குகிறோம். ஆனால் கணக்கில் அவனைவிட எனக்குத்தான் மார்க் அதிகம்.

முதல் வருஷம் முடிந்ததும் டிராஃப்டரை ஜூனியருக்குக் கொடுத்துவிடுவார்களாம். கொடுக்க வேண்டாம். என் ரூமில் இருக்கும் ஃபிளோரா அக்கா லீவில் வரும்போது, வடகத்தோடு கொடுத்தனுப்புங்கள். யாரும் இல்லாதபோது ஒருமுறை தோளில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

டியூட்டிக்கு வண்டி வந்துவிட்டது.

விண்ணரசி